கொள்ளைநோய்க் காலமும் நிலுவையாகும் மருத்துவமும்

கூட்டுறவுச் சங்கத்தின் ஏடுகளுள் அதன் உண்மை நிலையை ஒரே பார்வையில் காட்டுவது ‘கேட்பு, வசூல், நிலுவை’ப் பட்டியலாகும். எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு நின்றது என்னும் மூன்று கலங்களில் அது அடங்கிவிடும். ரொக்க ஏடு வந்ததை மட்டுமே சொல்லும், வராததைச் சொல்லாது. வராததைச் சொல்லும் ஏட்டைச் சரிவர எழுதாத சங்கம், பெட்டியில் இன்று பணம் இருக்கிறதென்று மகிழ்ந்திருந்து, ஒரு நாள் கதவை மூட நேரிடும். இது நம் சங்கங்களின் காரியதரிசிகள் யாவரும் அறிந்ததே.

இவ்வுண்மை மருத்துவத்திற்கும் பொருந்தும். கொள்ளைநோய் பரவும் காலத்தில் இதனை மறப்பதால், அந்நோய் தீண்டாதவரும் மடிகின்றனர். ஏழை நாடுகளில் இவ்விழப்பு மிகுதியாக நேர்கிறது. இதைத் தாம்பரம் வட்டாரத்தின் அனுபவத்தைக் கொண்டு விளக்குவதும், இவ்வகையில் நெசவாளர் சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் செய்யத்தக்கது யாது என்று கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இரு வகை இழப்பு

கொரோனா என்னும் பெருந்தொற்று இந்தியாவில் 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் நோயாளி மார்ச் 7 அன்று அறியப்பட்டார். மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு அமலாயிற்று. எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் குணமடைந்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்னும் கணக்கு நாள்தோறும் மாலையில் வெளியிடப்பட்டது. அது வேண்டிய கணக்கே. ஆனால் அதே நாட்களில் மற்றொரு கணக்கும் ஓசையின்றிப் பெருகி வந்தது. மாத்திரை வாங்க வரவேண்டியவர் வரவில்லை. தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொணர வேண்டிய தாய் வரவில்லை. இரண்டு வாரங்களுக்கு மேலாக இருமிக்கொண்டிருப்பவர் சளிப் பரிசோதனைக்கு வரவில்லை. அவர்கள் வராமையால் பல ஆஸ்பத்திரிகளின் புறநோயாளர் கூடங்கள் வெறிச்சோடின. வெறிச்சோடிய கூடத்தைக் கண்டு நோய் குறைந்துவிட்டதென எண்ணுவது, வசூல் வராத மாதத்தில் கடனும் இல்லையென எண்ணுவதை ஒக்கும்.

இதன் அளவைக் காசநோயைக் கொண்டு அறியலாம். இந்தியாவில் 2019-ம் ஆண்டில் ஏறத்தாழ 24 லட்சம் காசநோயாளர்கள் கண்டறியப்பட்டு அரசுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டனர். 2020-ம் ஆண்டில் அத்தொகை ஏறத்தாழ 18 லட்சமாகக் குறைந்தது. நோய் ஓராண்டில் கால் பங்கு குறைந்துவிடவில்லை. கண்டறியப்பட்டோர் தொகையே குறைந்தது. உலகளாவிய கணக்கிலும் இதே கதைதான். 2019-ல் 71 லட்சமாக இருந்த பதிவு 2020-ல் 58 லட்சமாக வீழ்ந்தது. அவ்வாண்டில் உலகில் காசநோயால் இறந்தவர் தொகை, பத்தாண்டுகளுக்கு மேலாகக் குறைந்து வந்த நிலை மாறி, மீண்டும் உயர்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. குழந்தைகளின் நிலையும் அவ்வாறே. 2020-ல் உலகில் 2 கோடியே 30 லட்சம் குழந்தைகள் வழக்கமான அடிப்படைத் தடுப்பூசிகளை முழுமையாகப் பெறவில்லை. இது முந்தின ஆண்டைவிட 37 லட்சம் அதிகம்.

அந்நிறுவனம் 2020-ல் 105 நாடுகளில் விசாரித்தபோது, ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு நாடுகளில் ஏதேனும் ஒரு மருத்துவ சேவை தடைப்பட்டிருந்தது தெரியவந்தது. குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உள்ள நாடுகளே பெரிதும் இடர்ப்பட்டன.

வராமைக்குரிய காரணங்கள்

வரவேண்டியவர் வராமைக்கு நான்கு காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, போக்குவரத்து. சென்னையின் தென் புறநகர்ப் பகுதியின் வாழ்வு மின்சார ரயிலோடு பிணைந்தது. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வழியே செங்கற்பட்டு செல்லும் மார்க்கத்தில் ரயில்கள் பல மாதங்கள் பொதுமக்களுக்கு ஓடவில்லை. பஸ்களும் நின்றன. சானடோரியம் என்றே பெயர்கொண்ட ரயில் நிலையத்தில் இறங்கி மார்பு நோய் ஆஸ்பத்திரிக்கு நடந்து செல்லும் நோயாளி எவ்விதம் வருவார்?

இரண்டாவது, அச்சம். ஆஸ்பத்திரிக்குச் சென்றால் தொற்று வருமோ என்னும் அச்சம் ஒருபுறம்; இருமலென்று சொன்னால் தம்மைத் தனிமைப்படுத்தி வீதியையும் அடைத்துவிடுவரோ என்னும் அச்சம் மறுபுறம். காசநோய்க்கும் கொரோனாவுக்கும் இருமலும் காய்ச்சலும் பொதுவான குறிகள். ஆகையால் சோதனைக்கு முதலில் வந்திருக்க வேண்டியவர்களே தம் நோயை மறைத்தனர்.

மூன்றாவது, ஆட்களும் கருவிகளும் இடம் மாறியமை. ஆரம்ப சுகாதார நிலையத்துக் கிராம செவிலியரும் சுகாதார ஆய்வாளரும் தொற்றுத் தடுப்புப் பணிக்கு அனுப்பப்பட்டனர். காசநோய்க் கிருமியைக் கண்டறியும் நவீன சோதனைக் கருவிகள் பல கொரோனா சோதனைக்குத் திருப்பப்பட்டன. செய்திருக்க வேண்டிய வேலைதான். ஆயினும் ஓர் எருதை இரண்டு ஏர்களில் ஒரே நேரத்தில் பூட்ட முடியாது.

நான்காவது, கூலி இழப்பு. மருந்து இலவசமாயினும் அதை வாங்கச் செல்லும் செலவு இலவசமன்று. நூல் வரத்தும் துணி விற்பனையும் நின்றபோது தறியும் நின்றது. தறி நின்றபோது வாரக் கூலியும் நின்றது. ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசின்றி மாத்திரையை ஒத்திப்போட்ட குடும்பங்கள் பல.

பணக்கார நாடுகளிலும் இக்காரணங்கள் இல்லாமற் போகவில்லை. ஆனால் அங்கே ஒரு செவிலியர் நகர்ந்தால் அவ்விடத்தை நிரப்ப மற்றொருவர் உண்டு. வருமானம் நின்றால் அரசு உதவித்தொகை ஓரளவு கைகொடுக்கும். நம்போன்ற நாடுகளில் நான்கு காரணங்களும் ஒரே வீட்டின்மேல் ஒரே வாரத்தில் வந்து விழுகின்றன.

ஓர் அங்கத்தினரின் நிலை

இதனை நான் புள்ளிவிவரங்களால் அறிவதற்கு முன்பே ஒரு நெசவாளரால் அறிந்தேன். என் ஆய்வு எல்லைக்குட்பட்ட ஒரு சங்கத்தின் அங்கத்தினர் அவர். வயது அறுபதைக் கடந்தவர். நீரிழிவுக்காக மாதந்தோறும் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை பெற்று வந்தார். 2020 ஏப்ரல் நடுவில் அவர் கையிருப்பு தீர்ந்தது. மே, ஜூன், ஜூலை மூன்று மாதங்களும் அவர் மாத்திரை உண்ணவில்லை. குழித்தறியின் மிதிக்கட்டையில் உராய்ந்து காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறாமல் பெருகிற்று. ஆகஸ்டில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

பின்னர் அவரைக் கண்டு, ஏன் முன்னமே எவரிடமும் சொல்லவில்லை என்று வினவினேன். “மாத்திரை தீர்ந்துபோயிற்று, ஐயா. பஸ் ஓடவில்லை. அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்றே நாள் போய்விட்டது. இதைப் போய் யாரிடம் சொல்வது?” என்றார்.

அவருடைய பெயர் சங்கத்தின் பங்கு ஏட்டில் இருந்தது. சிக்கன நிதி ஏட்டில் இருந்தது. நூல் இருப்பு ஏட்டில் அவர் பெயருக்கெதிரே கிராம் கணக்கில் நிலுவை காட்டப்பட்டிருந்தது. அவ்வாண்டுக் கணக்கை ஆய்ந்தவன் நானே. நூல் நிலுவையைச் சரிபார்த்து ஒப்பமிட்டேன். அவர் மாத்திரை நிலுவையை நானும் கேட்கவில்லை, காரியதரிசியும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்னும் எண்ணமே எங்களுக்கு எழவில்லை. இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது இதுவே.

ஒத்திப்போடத்தக்கவையும் தகாதவையும்

எல்லா மருத்துவத்தையும் எப்போதும்போல் நடத்துவது கொள்ளைநோய்க் காலத்தில் இயலாது. ஆகையால் எவற்றை ஒத்திப்போடலாம், எவற்றை ஒத்திப்போடலாகாது என்று பிரித்தறிவதே முதல் வேலை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் நாடுகளுக்கு வழங்கிய யோசனைகளும், அவ்வாண்டு ஏப்ரலில் இந்திய அரசின் சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுக் குறிப்பும் இந்த அடிப்படையில் அமைந்தவையே.

கண்புரை அறுவைக்குச் சில மாதம் பொறுக்கலாம். பிரசவம் பொறுக்காது. கைக்குழந்தையின் தடுப்பூசியைச் சில வாரங்கள் தள்ளலாம். ஓராண்டு தள்ளினால் தட்டம்மை ஊருக்குள் நுழைந்துவிடும். சிறுநீரகம் பழுதுற்றவருக்கு வாரம் இரண்டு மூன்று முறை நடைபெற வேண்டிய இரத்தச் சுத்திகரிப்பு ஒரு வாரமும் பொறுக்காது. நீரிழிவு, இரத்த அழுத்தம், வலிப்பு, மனநோய் ஆகியவற்றின் மாத்திரைகள் ஒரு நாளும் விடத்தக்கன அல்ல; ஆனால் அவற்றுக்காக மாதந்தோறும் டாக்டரை நேரிற் காண்பதைத் தள்ளலாம். இங்கே காணலும் மருந்தும் வெவ்வேறு என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

காசநோயைத் தனியே கூற வேண்டும். சாதாரணக் காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் இடையறாது மருந்துண்ண வேண்டும். முதல் இரண்டு மாதங்களிலேயே இருமல் தணிந்து உடல் தேறும். நோய் நீங்கிற்று என்று நோயாளி எண்ணுவார். ஆனால் எஞ்சிய கிருமிகள் உள்ளே இருக்கும். அப்போது மருந்தை நிறுத்தினால் நோய் மீளும். ஒழுங்கின்றி உண்டால் அம்மருந்துக்கு அஞ்சாத கிருமிகளும் தோன்றக்கூடும். சிகிச்சை பெறாத ஒரு நுரையீரல் காசநோயாளி, நெருங்கிப் பழகுவோருள் ஆண்டொன்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேருக்குத் தொற்றைக் கொடுக்கக்கூடும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் உடனே தறியை நிறுத்தி முடிச்சிடுகிறார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நெய்துகொண்டு போனால், துணியின் நீளம் முழுதும் அக்குறை தொடரும். மருந்து அறுவதும் அத்தகையதே.

விவசாயிகளுக்கு வேறொன்று நினைவுறுத்த வேண்டும். ஊரடங்கு தொடங்கிய நாட்கள் செங்கற்பட்டுச் சீமையில் நவரை அறுவடைக் காலம். வயலில் பாம்புக்கடிக்கு ஊரடங்கு இல்லை. விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்நாளும் இருப்பில் இருந்தாக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கப்பெற்றது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சையும் எடுத்து, மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு அது அளித்து வருகிறது. வயலில் வேலை செய்பவரின் உயிர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உழைப்பையும் சார்ந்து நிற்பதை இதிலிருந்து அறிகிறோம்.

மேற்கு ஆப்பிரிக்கா கற்பித்தது

நம் வட்டாரத்து அனகாபுத்தூரின் நெசவாளர் முன்னாளில் நெய்த ‘மெட்ராஸ் கைக்குட்டை’த் துணி கடல் கடந்து நைஜீரியா நாட்டுக்குச் சென்றதை மூத்த அங்கத்தினர்கள் அறிவர். அந்த மேற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் 2014-ல் எபோலா என்னும் கொடிய நோய் பரவியது. கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளும் பெருந்துன்புற்றன. 28,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 11,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருத்துவமனைகள் மூடப்பட்டன, செவிலியர் பலர் இறந்தனர், எஞ்சிய மருத்துவமனைகளுக்குச் செல்ல மக்கள் அஞ்சினர். அதனால் மலேரியா, காசநோய், எச்.ஐ.வி. ஆகியவற்றுக்குச் சிகிச்சை தடைப்பட்டு, அவற்றால் மட்டும் கூடுதலாக 10,000-க்கு மேற்பட்டோர் இறந்திருக்கக்கூடும் என ஆராய்ச்சியாளர்கள் பின்னர் மதிப்பிட்டனர். கொள்ளைநோய் கொன்றவரும், அதனால் மருந்து தவறி இறந்தவரும் ஏறத்தாழச் சமமானோர் என்பது இதன் பொருள்.

ஆனால் அதே நோய் 2014 ஜூலையில் நைஜீரியாவின் பெருநகரான லாகோஸை அடைந்தபோது, அது பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொள்ளும் என்று உலகமே அஞ்சிற்று. நோயுற்றவர் இருபதின்மர், இறந்தவர் எண்மர், அக்டோபர் 20 அன்று அந்நாடு நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இளம்பிள்ளை வாதத்தை ஒழிப்பதற்கென அங்கே முன்னமே ஓர் ஏற்பாடு இருந்தது. வீடு வீடாகச் சென்று பெயரெழுதவும், விடுபட்டவரைத் தேடவும் பழகிய ஊழியர்கள் இருந்தனர். நோயாளியோடு பழகிய ஒவ்வொருவரையும் பட்டியலிட்டு, இருபத்தொரு நாட்கள் அவர்கள் வீட்டுவாயிலுக்குச் சென்று விசாரித்தனர். அமைதிக் காலத்தில் எழுதிப் பழகிய பட்டியலே ஆபத்துக் காலத்தில் உதவிற்று. ஏழை நாடாக இருப்பதால் இதைச் செய்ய இயலாது என்று சொல்வதற்கு அவ்வனுபவம் இடமளிக்கவில்லை.

தாம்பரமும் வீட்டு மருத்துவமும்

பட்டியல் இருந்தால் மட்டும் போதாது. மருந்தும் நோயாளியை நாடிச் செல்ல வேண்டும். இவ்வகையில் உலகுக்கே வழிகாட்டிய பெருமை நம் சென்னைக்கு உண்டு.

டாக்டர் சவுரி முத்து என்பார் 1928-ல் தாம்பரத்தில் காசநோயாளருக்கென ஒரு சானடோரியம் நிறுவினார். காசநோய்க்கு மருந்து இல்லாத காலம் அது. தூய காற்று, ஓய்வு, நல்ல உணவு ஆகியவையே சிகிச்சை. ஆகவே நோயாளி குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் அங்கே தங்க வேண்டும். 1937-ல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அதுவே இன்று அரசு மார்பு நோய் மருத்துவமனையாக விளங்குகிறது.

பின்னர் மருந்துகள் வந்தன. ஆனால் நாட்டில் நோயாளர் பல லட்சம்; படுக்கைகளோ சில ஆயிரம். வீட்டிலேயே மருந்துண்டு குணமடைய முடியுமா என்பதை அறிய, 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதிற் கூடின. நகரத்து ஏழை நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் வைத்து நல்லுணவும் ஓய்வும் அளித்தனர். மறு பிரிவினர் தங்கள் நெரிசலான குடிசைகளிலேயே இருந்து, அதே மருந்தை ஓராண்டு உண்டனர். 1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தோரும் சானடோரியத்தில் இருந்தோருக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்தனர். அவர்கள் வீட்டிலிருந்தமையால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் பரவவும் இல்லை. ஒழுங்காக மருந்துண்பதே முதன்மையானது. படுக்கும் இடம் அதற்கு அடுத்ததே என்பது நிலைநாட்டப்பட்டது. உலக நாடுகள் பலவற்றின் காசநோய்க் கொள்கை இம்முடிவால் மாறியது. அந்நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு சேத்துப்பட்டில் இயங்குகிறது.

எச்.ஐ.வி. தொற்றுக்கு இலவசக் கூட்டு மருந்து வழங்கும் திட்டத்தை இந்திய அரசு 2004 ஏப்ரலில் தொடங்கியபோது, முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட சில மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று. அம்மருந்தும் வாழ்நாள் முழுவதும் வீட்டிலிருந்தே உண்ண வேண்டியது. 2020-ல் ஊரடங்கு வந்தபோது, அதனைப் பல மாதங்களுக்குச் சேர்த்து வழங்கும் முறை நாடெங்கும் கையாளப்பட்டது. நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலிய நீண்டகால நோயுடையோருக்கு மூன்று மாத மருந்து வரை ஒருசேரக் கொடுக்கலாம் என்றும், இயன்ற இடங்களில் ஊழியர் மூலம் வீட்டிற்கே அனுப்பலாம் என்றும் மத்திய அரசின் குறிப்பு கூறிற்று.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இதே வழியில் அமைந்தது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர்கள் வீடுகளுக்குச் சென்று, நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சோதித்து மாத்திரைகளை வழங்குகின்றனர். படுக்கையிலுள்ளோருக்கு உடற்பயிற்சிச் சிகிச்சையும் ஆதரவுப் பராமரிப்பும் வீட்டிலேயே அளிக்கப்படுகின்றன. இத்திட்டத்திற்கு 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது.

வீட்டுக்கு மருந்து செல்ல வேண்டுமானால் கிடங்கில் மருந்து இருக்க வேண்டும். 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ் புத்தகம் கொடுத்து, அதில் பற்று எழுதி மருந்தளிக்கிறது. இது நம் சங்கங்களின் முறையே அன்றோ? மூன்று மாத மருந்தை ஒருசேரக் கொடுக்கும் துணிவு, முன்கூட்டியே இருப்பு வைத்திருப்பவருக்கே வரும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

மேற்கூறியவை அரசின் வேலை. நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். 2020 ஏப்ரலில் குடும்ப அட்டைதாரருக்கு ரூ.1,000 உதவித்தொகையும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வழங்கப்பட்டபோது, நாளும் நேரமும் குறித்த டோக்கன் கொடுத்து, நெரிசலின்றி அவற்றைப் பட்டுவாடா செய்தவை பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் நியாயவிலைக் கடைகளே. ஊரே அடைபட்டிருந்தபோதும் வீடுதோறும் பெயரறிந்து பொருள் சேர்த்த ஆற்றல் நம்மிடம் உண்டு. அவ்வாற்றலை மருந்துக்கும் பயன்படுத்தலாம். நிருவாகக் குழுக்களின் ஆலோசனைக்குப் பின்வருவனவற்றை முன்வைக்கிறேன்.

ஒன்று: விருப்பமுள்ள அங்கத்தினரிடம் கேட்டு, நாள்தோறும் மருந்துண்பவர், கருவுற்ற பெண்டிர், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகள், தனித்து வாழும் முதியோர் ஆகியோரின் பட்டியலொன்றை ஆண்டுக்கொருமுறை எழுதுக. மருந்து எங்கே வாங்குகிறார், எந்தத் தேதியில் தீரும் என்னும் இரண்டு கலங்கள் போதும். நோயின் பெயர் வேண்டா.

இரண்டு: இப்பட்டியல் காரியதரிசியின் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டுமேயன்றி அறிவிப்புப் பலகையில் இருத்தலாகாது. காசநோய், எச்.ஐ.வி. ஆகியவற்றால் துன்புறுவோர் நோயைவிட ஊராரின் பேச்சுக்கே அதிகம் அஞ்சுகின்றனர். ஒருவர் தம் பெயரைத் தர மறுத்தால் வற்புறுத்தலாகாது. ஒருமுறை இரகசியம் வெளிப்பட்டால் பிறகு எவரும் உண்மை சொல்லார். பட்டியல் வெறும் காகிதமாகிவிடும்.

மூன்று: ஊரடங்கோ வெள்ளமோ வந்து போக்குவரத்து நின்றால், முதல் வாரத்திலேயே பட்டியலைக் கையிலெடுத்து, மருந்து தீரும் தேதி அணுகியவரை விசாரிக்க வேண்டும். விசாரிப்பதற்குத் தொலைபேசியும், அது இல்லாதவருக்கு அண்டை வீட்டு அங்கத்தினரும் போதும். தீரும் நிலையிலுள்ளோர் பெயரை, அவர்தம் இசைவுடன், கிராம செவிலியருக்கோ மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலருக்கோ தெரிவிக்க வேண்டும்.

நான்கு: பல பேருடைய மருந்துச் சீட்டுகளைச் சேர்த்து ஒருவர் அனுமதி பெற்றுச் சென்று வாங்கி வரலாம். கூட்டுறவு மருந்தகங்கள் அருகிலுள்ள இடங்களில் அவற்றின் துணையை நாடலாம். 2025 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களுள் பல கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படுபவை. ஆனால் எம்மருந்தையும் டாக்டரின் சீட்டின்றி மாற்றுவதோ, ஒருவருக்குரியதை மற்றவருக்குக் கொடுப்பதோ கூடாது. நாம் மருத்துவர் அல்லோம், தூதர் மட்டுமே.

ஐந்து: தறிக்கூடம், களஞ்சியம், கூட்ட மண்டபம் முதலிய சங்கக் கட்டடங்கள் காற்றோட்டமானவையாயின், தடுப்பூசி முகாமுக்கும் கருவுற்ற தாய்மார் பரிசோதனைக்கும் அவற்றைக் கொடுத்துதவலாம். தொற்று நோயாளர் வரும் இடமும் தாய்சேய் வரும் இடமும் வெவ்வேறாக இருந்தால் அச்சம் பாதி நீங்கும்.

ஆறு: மருந்து வாங்கவும் பிரசவத்திற்குச் செல்லவும் வண்டிக் கூலிக்கெனத் துணைவிதிகளுக்கு உட்பட்டு ஒரு சிறு தொகையைப் பொது நல நிதியிலிருந்து ஒதுக்கலாம். சில நூறு ரூபாய் வண்டிக் கூலியை மிச்சம் பிடித்து, பின்னர் பல ஆயிரம் ரூபாய் மருத்துவக் கடனுக்காக அங்கத்தினர் வட்டிக்கடையை நாடுவதைத் தடுப்பது, சிக்கனத்தைப் போதிக்கும் சங்கத்தின் கடமையேயாகும்.

இவற்றுள் எதற்கும் புதிய கட்டடமோ புதிய உத்தியோகமோ வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், அதை மாதம் ஒரு முறை புரட்டிப் பார்க்கும் பொறுப்பும் வேண்டும். ஆபத்து வந்தபின் இப்பட்டியலை எழுதத் தொடங்க இயலாது. தெருவடைத்திருக்கும்போது வீடு வீடாகச் சென்று பெயர் கேட்பது எவருக்கும் எளிதன்று. நோயற்ற இந்நாட்களே அதை எழுதுவதற்கு உரியவை.

முடிவுரை

மேலே கூறிய நெசவாளர் இப்போது மிதிக்கட்டையை முன்போல் மிதிக்க இயலாமையால் தார் சுற்றும் வேலையைச் செய்து வருகிறார். கூலி குறைவு. மாதந்தோறும் தன்னார்வலர் ஒருவர் அவர் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்து, கால் புண்ணையும் பார்த்துச் செல்கிறார். அவருடைய சங்கம் சென்ற மகாசபைக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, மேற்கூறிய பட்டியலை எழுதத் தொடங்கிவிட்டது. முதற் பெயர் அவருடையது. அதை அவரே கேட்டு எழுதச் சொன்னார்.

ஏனைய சங்கங்களும் வரும் மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். இனி ஆய்வுக்கு வரும்போது, நூல் நிலுவையையும் பயிர்க்கடன் நிலுவையையும் கேட்டபின், இந்நோட்டுப் புத்தகத்தையும் கேட்பதென்று நான் எனக்கே விதித்துக்கொண்டிருக்கிறேன். அதனை ஆய்வாளரின் தொந்தரவாகக் கொள்ளாது, அங்கத்தினரின் உயிர்க்காப்பாகக் கொள்வீர்களென நம்புகிறேன்.